அழற்சியும் மனச்சோர்வும்: தற்கொலைத் தடுப்பில் ஒரு புதிய நோக்கு

உடலுக்கு வரும் நோய்க்கு ஒரு மருத்துவர், உள்ளத்துக்கு வரும் நோய்க்கு வேறொரு மருத்துவர் என்னும் பிரிவு நம் மருத்துவமனைகளில் வேரூன்றிப்போன ஒன்றாகும். காசநோய்க்கு மருந்து பெற வருபவரிடம் அவர் உறங்குகிறாரா, வாழ்வில் பிடிப்போடு இருக்கிறாரா என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. அதுபோலவே மனநலப் பிரிவுக்கு வருபவருடைய மூட்டுவலியும் நாட்பட்ட புண்ணும் அங்கே பெரும்பாலும் கவனம் பெறுவதில்லை. ஆனால், இத்தகைய பிரிவு இயற்கையில் இல்லை என்பதைக் கடந்த சில பத்தாண்டுகளில் நடைபெற்ற ஆராய்ச்சிகள் சிறிது சிறிதாகப் புலப்படுத்தி வருகின்றன. நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போரிடும் உடலமைப்பே மனிதரின் மனநிலையையும் மாற்றவல்லது. கடுமையான மனச்சோர்வுற்றவர்களுள் சிலரிடம் தற்கொலை எண்ணம் தோன்றுவதிலும் அதற்குப் பங்கு இருக்கக்கூடும் என்பதே அவ்வாராய்ச்சிகளின் சாரமாகும்.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தி அன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தோர் 1,70,924 பேர். அதாவது, ஒரு லட்சம் மக்களுக்கு 12.4 பேர். காவல் துறையினர் பதிவு செய்த காரணங்களுள் குடும்பப் பிரச்சினைகள் 31.7 விழுக்காடு பெற்று முதலிடத்திலும், நோய் 18.4 விழுக்காடு பெற்று அடுத்த இடத்திலும் இருந்தன. நோய் என்னும் இத்தலைப்பில் மனநோயும் தீராத உடல்நோய்களும் சேர்ந்தே அடங்கும். எந்தத் தற்கொலையும் ஒரே காரணத்தால் நிகழ்வதில்லை. எனினும், நோயுற்ற உடலுக்கும் நம்பிக்கை இழந்த உள்ளத்துக்கும் இடையே உள்ள வழி எது என்னும் வினாவுக்கு விடை காண முயல்வது திட்டமிடுவோரின் கடமையாகும். அவ்வழிகளுள் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை ஆராய்கிறது.

அழற்சி என்பது யாது?

காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சூடேறுகிறது, வலிக்கிறது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் இந்நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக வகுத்துரைத்தார். சேதமுற்ற திசுவிற்குக் குருதி மிகுதியாகப் பாய்வதும், வெள்ளணுக்கள் அங்கே விரைந்து கூடுவதும், கிருமிகளை அழித்துப் புண்ணை ஆற்றுவதும் இந்நிகழ்ச்சியின் கூறுகள். ஆகவே அழற்சி என்பது அடிப்படையில் நோயன்று. அது உடலின் காவல்.

இக்காவலர்கள் ஒருவரோடொருவர் தொடர்பு கொள்ளப் பயன்படும் புரதங்களே சைட்டோகைன்கள். கோவிட் பெருந்தொற்றின்போது இச்சொல் செய்தித்தாள்களிலும் இடம்பெற்றதைப் பலர் நினைவில் கொண்டிருப்பர். இவற்றுள் இன்டர்லூக்கின்-6 என்பது கல்லீரலுக்குச் செய்தி அனுப்பி, சி-எதிர்வினைப் புரதம் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. ஆய்வுக்கூடச் சீட்டுகளில் சி.ஆர்.பி. என்று குறிக்கப்படுவது இதுவே. 1930ஆம் ஆண்டில் நுரையீரல் அழற்சி நோயாளிகளின் குருதியில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கடுந்தொற்றின்போது இதன் அளவு லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேலும் உயரும். நோய் தணிந்தவுடன் இறங்கிவிடும்.

காவல் பணி முடிந்தும் காவலர்கள் கலையாது நிற்கும் நிலையும் உண்டு. முடக்குவாதம், நீரிழிவு, உடற்பருமன், ஈறுநோய், காசநோய், புகைபிடித்தல் ஆகியவற்றில் மெல்லிய அழற்சி மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தொடர்கிறது. காய்ச்சலாக வெளிப்படாத இந்த நாட்பட்ட அழற்சியே இங்கு நமது கவனத்திற்கு உரியதாகும்.

காய்ச்சலும் சோர்வும்

காய்ச்சலுற்ற குழந்தையைக் கவனித்த எவரும் ஓர் உண்மையை அறிவர். அது விளையாட மறுக்கும், உணவை ஒதுக்கும், ஓர் ஓரத்தில் சுருண்டு படுக்கும், பேச்சுக் கொடுத்தால் சிணுங்கும். இதைக் கிருமியின் கொடுமை என்றே நெடுங்காலம் கருதிவந்தனர். ஆனால், 1988ஆம் ஆண்டில் பெஞ்சமின் ஹார்ட் என்னும் அமெரிக்க அறிஞர் வேறொரு விளக்கம் அளித்தார். நோயுற்ற விலங்கு ஒடுங்கிக் கிடப்பது செயலிழப்பு அன்று. ஆற்றலைச் சேமித்து நோயை எதிர்ப்பதற்காக உடலே மேற்கொள்ளும் ஒழுங்கான நடத்தை என்பது அவரது கருத்து. இந்நடத்தையைத் தூண்டுபவை சைட்டோகைன்களே என்று பின்னர் நடந்த விலங்கு ஆய்வுகள் காட்டின.

உறக்கக் கேடு, பசியின்மை, களைப்பு, மகிழ்ச்சி தருவனவற்றில் நாட்டமின்மை, பிறரை விட்டு விலகுதல் ஆகிய இவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகளும் ஆகும். இந்த ஒற்றுமை தற்செயலானதா? 1991ஆம் ஆண்டில் ரொனால்டு ஸ்மித் என்னும் மருத்துவர், வெள்ளணு வகையொன்றின் மிகைச் சுரப்பே மனச்சோர்வுக்கு வித்தாகலாம் என்று ஒரு கருதுகோளை முன்வைத்தார். அது அப்போது பரவலான ஏற்பைப் பெறவில்லை. ஆயினும், மற்றொரு துறையிலிருந்து அதற்குச் சான்று வந்து சேர்ந்தது.

ஒரு மருந்து காட்டிய உண்மை

இன்டர்பெரான்-ஆல்பா என்பது உடலில் இயல்பாகவே சுரக்கும் சைட்டோகைன்களுள் ஒன்று. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-சி நோய்க்கும், மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கும் அது பல ஆண்டுகள் ஊசி மருந்தாக அளிக்கப்பட்டு வந்தது. முன்னர் மனநோய் எதுவும் இல்லாதவர்களும் இம்மருந்தைப் பெற்ற சில வாரங்களுக்குள் மனச்சோர்வுக்கு ஆளாயினர். சிலரிடம் தற்கொலை எண்ணங்களும் தோன்றின. அதனால் சிகிச்சையை இடையில் நிறுத்த வேண்டிய நிலையும் ஏற்பட்டது.

2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதனை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிற்று. மெலனோமாவுக்காக இன்டர்பெரான் பெறவிருந்த 40 பேரை ஆய்வாளர் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குப் பராக்சிட்டின் என்னும் மனச்சோர்வு மருந்தும், மற்றப் பிரிவினருக்கு மருந்தற்ற வெற்று மாத்திரையும் முன்கூட்டியே தரப்பட்டன. வெற்று மாத்திரை பெற்றவர்களுள் 45 விழுக்காட்டினர் கடும் மனச்சோர்வுற்றனர்; மருந்து பெற்றவர்களுள் 11 விழுக்காட்டினரே அவ்வாறாயினர். உடலுக்குள் செலுத்தப்பட்ட ஒரு சைட்டோகைன் உள்ளத்தைச் சோர்வுறச் செய்ய வல்லது என்பதும், அச்சோர்வைத் தடுக்க இயலும் என்பதும் இதனால் தெளிவாயின. ஹெபடைடிஸ்-சி நோய்க்கு இப்போது வாய்வழி மருந்துகள் வந்துவிட்டன. 2018இல் தொடங்கப்பட்ட தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் அவற்றை நம் நாட்டில் இலவசமாக வழங்குகிறது. இன்டர்பெரானின் பயன்பாடு குறைந்தபோதிலும், அது கற்பித்த பாடம் நிலைத்து நிற்கிறது.

மூளைக்குள் நிகழ்வது

குருதியில் உள்ள பொருள்கள் கண்டபடி மூளைக்குள் புகாதவாறு இயற்கை ஒரு தடுப்பை அமைத்துள்ளது. சைட்டோகைன்களின் செய்தி அதைக் கடந்து எவ்வாறு செல்கிறது? தடுப்பு மெல்லியதாக உள்ள சில இடங்கள் வழியாகவும், குருதி நாளங்களின் சுவர்களில் உள்ள செல்கள் வழியாகவும், வயிற்றையும் மார்பையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் அது செல்வதாக அறியப்பட்டுள்ளது. செய்தி எட்டியதும் மூளையின் உள்ளூர்க் காவலர்களான மைக்ரோகிளியா என்னும் நுண்செல்கள் விழித்தெழுகின்றன.

அடுத்த மாற்றம் டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்தைப் பற்றியது. பருப்பு, பால், முட்டை போன்ற உணவுகளிலிருந்து நாம் பெறும் இப்பொருளின் ஒரு பகுதியிலிருந்தே மனநிலையைச் சீராக வைக்க உதவும் செரட்டோனின் உருவாகிறது. அழற்சி மிகும்போது டிரிப்டோபான் மிகுதியாகக் கைனூரெனின் என்னும் வேறு பாதையில் திருப்பிவிடப்படுகிறது. வாய்க்கால் ஒன்றில் மடை மாற்றப்பட்டால் பழைய வயலுக்கு நீர் குறைவதோடு புதிய நிலத்தில் வெள்ளமும் பெருகுவது போல, இங்கும் இருவகைத் தீங்கு விளையக்கூடும். ஒருபுறம் செரட்டோனின் உருவாவதற்கான மூலப்பொருள் குறையலாம்; மறுபுறம் குவினோலினிக் அமிலம் என்னும் பொருள் பெருகலாம். இவ்வமிலம் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளின் ஏற்பிகளுள் ஒருவகையைத் தூண்டி நரம்புச் செல்களை வருத்துகிறது.

அதே ஏற்பியைத் தடுக்கும் கெட்டமின் என்னும் மயக்க மருந்து, கடும் மனச்சோர்வுற்றோரின் தற்கொலை எண்ணங்களைச் சில மணி நேரத்துக்குள் தணிக்கக் காணப்பட்டது என்பது இங்குக் கருதத்தக்கது. ஆனால், எண்ணம் தணிவது வேறு, உயிரிழப்பு குறைவது வேறு. இம்மருந்தும் இதன் இனமும் தற்கொலையைத் தடுக்கும் என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

தற்கொலையோடு உள்ள தொடர்பு

அழற்சிக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்புண்டு என்பது ஒரு செய்தி. தற்கொலை முனைப்புக்கும் அழற்சிக்கும் தனித்ததொரு தொடர்பு உண்டா என்பது வேறொரு வினா. மனச்சோர்வுற்றோருள் பெரும்பான்மையினர் தற்கொலைக்கு முயல்வதில்லை. அவ்வாறாயின், முயல்வோரிடம் உடலளவில் வேறுபாடு ஏதேனும் காணப்படுகிறதா?

2008ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மாக்டிபர்க் நகர ஆய்வாளர்கள் இறந்தோரின் மூளைத் திசுக்களை ஆராய்ந்தனர். தற்கொலையால் இறந்தவர்களிடம், அவர்களுக்கு இருந்த மனநோய் எவ்வகையாயினும், மைக்ரோகிளியா செல்கள் சில பகுதிகளில் அடர்ந்து காணப்பட்டன. 2009ஆம் ஆண்டில் சுவீடனின் லுண்டு நகர ஆய்வாளர்கள் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களின் மூளைத் தண்டுவட நீரை ஆராய்ந்து, அதில் இன்டர்லூக்கின்-6 மிகுந்திருப்பதைக் கண்டனர். 2013இல் வெளியான மற்றொரு சுவீடன் ஆய்வு, அத்தகையோரிடம் குவினோலினிக் அமிலமும் மிகுந்திருப்பதை அறிவித்தது. அமெரிக்காவின் சிக்காகோவில் பணியாற்றிய கன்ஷியாம் பாண்டேயும் அவருடைய குழுவினரும், தற்கொலையால் இறந்த வளரிளம் பருவத்தினரின் முன்மூளையில் அழற்சிச் சைட்டோகைன்கள் மிகுந்திருந்ததை 2012இல் வெளியிட்டனர். 2018ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உயிரோடு உள்ள நோயாளிகளின் மூளையைச் சிறப்புப் படக்கருவியால் ஆராய்ந்தபோது, தற்கொலை எண்ணம் உடையவர்களிடம் மைக்ரோகிளியா கிளர்ச்சியின் அடையாளங்கள் கூடுதலாகக் காணப்பட்டன.

வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு முறைகளில் நடந்த இவ்வாய்வுகள் ஏறத்தாழ ஒரே திசையைச் சுட்டுவது குறிப்பிடத்தக்கது. எனினும், இவை சிறு எண்ணிக்கையினரிடம் நடந்தவை என்பதையும் மறத்தலாகாது.

டென்மார்க்கின் பெருங்கணக்கு

சிறு ஆய்வுகளின் குறையை ஓரளவு நிறைவு செய்வது டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வாகும். அந்நாட்டில் ஒவ்வொரு குடிமகனின் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் பதிவேடுகளில் முறையாக இணைக்கப்பட்டுள்ளன. 1980 முதல் 2011 வரை 72 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் முடிவு வெளியிடப்பட்டது. அக்காலத்தில் தற்கொலையால் இறந்தோர் 32,683 பேர். அவர்களுள் 24.1 விழுக்காட்டினர் முன்னர் ஏதேனும் ஒரு தொற்று நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தவர்கள். அவ்வாறு சேர்க்கப்படாதவர்களோடு ஒப்பிடுகையில் இவர்களுக்குத் தற்கொலை ஆபத்து 42 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தொற்றுகளின் எண்ணிக்கையும் சிகிச்சை பெற்ற நாட்களும் கூடக்கூட ஆபத்தும் கூடிற்று.

இந்த எண்ணைச் சரியாகப் பொருள்கொள்ள வேண்டும். தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களுள் மிகப் பெரும்பாலானோருக்கு இத்தகைய தீங்கு எதுவும் நேரவில்லை. மிகச் சிறிய ஓர் ஆபத்து சற்றே பெரிதாகிறது என்பதே இதன் பொருள். ஆயினும், கடும் நோயிலிருந்து மீண்டு வீடு திரும்புவோர் மீது சிறிது காலம் கண் வைத்திருத்தல் தேவை என்பதை இது உணர்த்துகிறது.

சமூகத் துன்பம் உடலில் புகும் வழி

அழற்சியைப் பற்றிப் பேசுவது தற்கொலையின் சமூகக் காரணங்களை மறைப்பதாகாதா என்று கேட்கலாம். கடன், வேலையின்மை, குடும்ப வன்முறை, மதுப்பழக்கம், சாதிக் கொடுமை ஆகியவற்றை விட்டுவிட்டுக் குருதியில் காரணம் தேடுவது முறையா என்பது நியாயமான கேள்வியே. ஆனால், உண்மையில் இவ்வாராய்ச்சி சமூகக் காரணங்களை மறுப்பதில்லை. அவை உடலுக்குள் எவ்வாறு புகுகின்றன என்பதைக் காட்டுகிறது.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைப் பிறப்பு முதல் பின்தொடர்ந்து வரும் ஆய்வு உலகப் புகழ் பெற்றது. குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளானவர்களிடம் 32ஆம் வயதிலும் சி-எதிர்வினைப் புரதம் கூடுதலாக இருந்ததை அவ்வாய்வு 2007இல் அறிவித்தது. பாதுகாப்பற்ற இளமை, இரவுப் பணி, உறக்கமின்மை, சத்துக்குறைவு, அடுப்புப் புகை போன்றவை ஏழைகளின் வாழ்வில் ஒருங்கே சேருகின்றன. ஆகவே, வறுமையை ஒழிப்பதும் குழந்தைகளைக் காப்பதும் அழற்சியைத் தணிக்கும் முயற்சிகளே எனலாம்.

எச்சரிக்கைகள்

புதிய கருத்து ஒன்று பரவும்போது அதன் எல்லைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். முதலாவதாக, மனச்சோர்வுற்ற எல்லோரிடமும் அழற்சி காணப்படுவதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிடப்பட்ட மதிப்பீட்டின்படி, அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடமே சி-எதிர்வினைப் புரதம் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. எஞ்சியோரின் துன்பம் எவ்வகையிலும் குறைந்ததன்று; அவர்களுக்கும் அதே அளவு கவனம் தேவை.

இரண்டாவதாக, இப்புரதம் சொத்தைப் பல்லாலும் உடற்பருமனாலும் சளிக் காய்ச்சலாலும்கூட உயரும். ஆதலின், தற்கொலை ஆபத்தை முன்னறிவிக்கும் குருதிச் சோதனை என்று ஒன்று இன்று இல்லை. அப்படி ஒன்று இருப்பதாக விளம்பரம் செய்யப்பட்டால் அதனை நம்பலாகாது. சோதனையில் அளவு இயல்பாக உள்ளது என்பதற்காக ஒருவரின் மனத்துயரைப் புறக்கணிப்பது உயிருக்கே கேடாக முடியும்.

மூன்றாவதாக, எது காரணம், எது விளைவு என்பது இன்னும் முழுமையாகத் தெளிவாகவில்லை. மனச்சோர்வுற்றவர் உறக்கம் இழக்கிறார். உணவு முறை கெடுகிறது. புகையும் மதுவும் கூடுகின்றன. இவையே அழற்சியை வளர்க்கும். மேலும், தற்கொலைக்கு முயன்று காயமுற்றவரின் உடலில் அக்காயத்தாலேயே சைட்டோகைன்கள் பெருகும். முயற்சிக்குப் பின் எடுக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டு முயற்சிக்கு முந்தைய நிலையைத் தீர்மானிப்பதில் இந்த இடர்ப்பாடு உண்டு.

மருந்துச் சோதனைகள் கூறுவது

அழற்சியே காரணமாயின் அழற்சியைத் தணிக்கும் மருந்து மனச்சோர்வையும் போக்க வேண்டும் அன்றோ? இதனைச் சோதித்த முயற்சிகள் கலப்பான விடையையே தந்துள்ளன. பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உடைய 60 பேருக்கு, முடக்குவாதத்துக்குப் பயன்படும் இன்பிளிக்சிமாப் என்னும் மருந்தை அமெரிக்காவில் தந்து பார்த்தனர். 2013இல் வெளியான முடிவு, மொத்தத்தில் அம்மருந்து வெற்று மருந்தைவிட மேம்பட்டதன்று எனக் காட்டியது. ஆனால், தொடக்கத்தில் சி-எதிர்வினைப் புரதம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் நற்பயனுக்கான அறிகுறி தென்பட்டது. பாகிஸ்தானில் இருமுனைக் கோளாற்றின் மனச்சோர்வு நிலையில் மினோசைக்கிளின், செலிகாக்சிப் ஆகிய இரு மருந்துகளைச் சோதித்து 2020இல் வெளியிட்ட ஆய்வு பயன் எதையும் காணவில்லை.

நோய் எதிர்ப்பு அமைப்பில் தலையிடும் மருந்துகள் எல்லாம் மனத்துக்கு நலம் பயக்கும் என்றும் கொள்ளுதல் இயலாது. சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கான புரோடாலுமாப் என்னும் மருந்து, அதன் சோதனையில் சிலரிடம் தற்கொலை எண்ணங்கள் காணப்பட்டதால் 2017இல் அமெரிக்காவில் சிறப்பு எச்சரிக்கையுடனேயே அனுமதிக்கப்பட்டது. அம்மருந்துதான் காரணம் என்பது நிறுவப்படவில்லையெனினும், கவனம் தேவை என்பது தெளிவு. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்துகளும் சிலரிடம் மனநிலையைக் கடுமையாகப் பாதிக்கின்றன. ஆகையால், மனச்சோர்வுக்கென்று வலி மாத்திரைகளையோ ஸ்டீராய்டுகளையோ தாமே வாங்கி உண்பது பயனற்றது மட்டுமன்று, ஆபத்தானதும் ஆகும். மனச்சோர்வுக்கு மருத்துவர் அளித்துவரும் மருந்தை இக்காரணம் பற்றி நிறுத்துவதும் கூடாது.

நம் நாட்டுக்குரிய பாடம்

அவ்வாறாயின் இவ்வறிவால் இன்று விளையும் பயன் யாது? புதிய மருந்துக்காகக் காத்திராமல், இன்று உள்ள வசதிகளை இணைத்துப் பயன்படுத்துவதற்கு இது வலுவான காரணத்தைத் தருகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

உலகின் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி என மதிப்பிட்டது. முடக்குவாதம், சிறுநீரக நோய், புற்றுநோய் உடையோரும் பலர். இவர்கள் மாதந்தோறும் அல்லது குறிப்பிட்ட இடைவெளியில் ஏதேனும் ஒரு மருத்துவ நிலையத்துக்கு வருகின்றனர். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுதலாகத் தோன்றக்கூடியவர்களும் இவர்களே. மறுபுறம், ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட நம் நாட்டில் இல்லை. நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனநோய் உற்றவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருந்தனர். இவ்வளவு பெரிய இடைவெளியைத் தனி மனநல மருத்துவமனைகளால் மட்டும் நிரப்ப இயலாது.

இதற்கு வேண்டிய அமைப்பு ஏற்கெனவே உள்ளது. தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெற்ற பட்டறிவைக் கொண்டு மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் உருவாயிற்று. அது இப்போது 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டுள்ளது. 2018இல் அறிவிக்கப்பட்ட ஆரோக்கிய, நல்வாழ்வு மையங்களின் பணிகளுள் மனநலச் சேவையும் ஒன்று. 2022 நவம்பரில் வெளியிடப்பட்ட தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030ஆம் ஆண்டுக்குள் தற்கொலை இறப்புகளை 10 விழுக்காடு குறைப்பதைக் குறிக்கோளாகக் கொண்டுள்ளது. சட்டமும் மனிதநேயம் பெற்றுள்ளது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருத வேண்டும் என்றும், அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் விதித்தது.

இவ்வமைப்புகளைக் கொண்டு செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, காசநோய், நீரிழிவு முதலிய நாட்பட்ட நோய்களுக்கான சிகிச்சை நாட்களில் இரு எளிய வினாக்களை வழக்கமாக்குதல். கடந்த இரு வாரங்களில் செயல்களில் ஆர்வம் குறைந்ததா, மனம் தளர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா என்பனவே அவை. செவிலியரும் கிராமச் சுகாதாரப் பணியாளரும்கூட இவற்றைக் கேட்கலாம். ஆம் என்னும் விடை வந்தால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகவும் பரிவோடும் வினவ வேண்டும். அவ்வாறு கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்னும் அச்சம் ஆதாரமற்றது; கேட்பவர் ஒருவர் உளர் என்பதே பலருக்கு ஆறுதலாகிறது.

இரண்டாவது, மனநலப் பிரிவுக்கு வருவோரின் உடலையும் ஆராய்தல். குருதிச்சோகை, தைராய்டு குறைபாடு, மறைந்திருக்கும் தொற்று, ஈறுநோய், நீரிழிவு ஆகியவற்றைக் கண்டறிந்து குணப்படுத்துவது அவர்களுக்கு எவ்வாற்றானும் நன்மையே. உறக்கம், உடற்பயிற்சி, சத்துணவு, புகை தவிர்த்தல் ஆகியன பற்றிய அறிவுரையும் சிகிச்சையின் ஒரு பகுதியாதல் வேண்டும்.

மூன்றாவது, தொடர்ந்து தொடர்பில் இருத்தல். இது எளியதாகத் தோன்றினும் இதன் பயன் பெரிது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு அதனோடு ஒரு மணி நேர அறிவுரையும், 18 மாதங்களில் குறிப்பிட்ட இடைவெளிகளில் நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரிப்பும் அளிக்கப்பட்டன. 2008இல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் தற்கொலையால் இறந்தோர் 2.2 விழுக்காடு, நலம் விசாரிக்கப்பட்டவர்களுள் 0.2 விழுக்காடு. எந்தக் குருதிச் சோதனையும் இன்றி, நாம் இன்றே செய்யக்கூடிய செயல் இது.

இவற்றோடு சூழலைப் பாதுகாப்பாக்குதலும் இணைய வேண்டும். கொடிய பூச்சிக்கொல்லிகளை அடுத்தடுத்துத் தடை செய்த இலங்கையில் 1995க்குப் பின் தற்கொலை விகிதம் பெருமளவு குறைந்தது இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

முடிவுரை

அழற்சிக்கும் தற்கொலை முனைப்புக்கும் இடையே உள்ள தொடர்பு பற்றிய ஆராய்ச்சி வளர்ந்துவரும் ஒன்று. அது நாளை புதிய மருந்துகளுக்கு வழிகோலலாம். அல்லது, ஒருசில நோயாளிகளுக்கு மட்டுமே பொருந்தும் விளக்கமாக நின்றுவிடலாம். எவ்வாறாயினும் அது ஏற்கெனவே ஒரு நன்மை செய்துள்ளது. மனச்சோர்வு என்பது மன உறுதியின்மையோ குணக்கேடோ அன்று. காய்ச்சலைப் போல உடலையும் பற்றிய ஒரு நோய். சிகிச்சையால் தணியக்கூடியது என்பதை அது விளக்குகிறது. இவ்வுண்மை மக்களிடையே பரவுமாயின், வெட்கத்தால் மறைக்கப்படும் துன்பம் வெளியே வரும். உதவி நாடுவது எளிதாகும்.

வாழ்வில் நம்பிக்கை குன்றியவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகலாம். 2022 அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் தொடர்புகொண்டு தம் மொழியிலேயே பேசலாம். நீண்ட நாள் நோயுற்ற ஒருவர் நம் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ இருப்பின், மருந்து உண்டீர்களா என்று கேட்பதோடு நில்லாமல், மனம் எப்படி இருக்கிறது என்றும் கேட்போமாக. மருத்துவமனைகளிலும் இவ்விரு வினாக்களும் ஒன்றாகவே கேட்கப்படும் நிலையை உருவாக்குவது நம் சுகாதாரத் திட்டங்களின் நோக்கமாதல் வேண்டும்.